கையுறைக்குள் மழை எந்த வழியாக வருகிறது?

நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கும் ஊரில் குளிருக்குக் கையுறையா என்று கேட்பவர் அநேகமாகக் காரில் போகிறவராக இருப்பார். விடியுமுன் ஜூரோங்கிலிருந்து துவாஸ் தொழிற்சாலை ஒன்றுக்கு முதல் ஷிப்டுக்குப் போகிறவரிடமோ, ஜொகூரிலிருந்து இரண்டாம் பாலம் வழியாக மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வருகிறவரிடமோ கேட்டுப் பாருங்கள். மழை நாளில் வண்டியை நிறுத்தியதும் அவர் முதலில் செய்வது விரல்களை மடக்கி நீட்டுவதுதான்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. தீவின் கிழக்கைவிட மேற்கில் மழை அதிகம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் தூறும் என்பது எல்லாருக்கும் தெரியும். மோட்டார்சைக்கிளோட்டிக்கு அதைவிடத் தொல்லையானது, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை வரும் ‘சுமத்ரா ஸ்குவால்’ என்னும் சூறைக்காற்று மழை. மலாக்கா நீரிணையின் மேல் வரிசையாகத் திரளும் இடிமேகங்கள் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து வரும். அதனால் துவாசும் ஜூரோங்கும்தான் முதலில் நனையும். பெரும்பாலும் விடியற்காலைக்கும் முற்பகலுக்கும் இடையில் வருவதால், வேலைக்குக் கிளம்பும் நேரத்தோடு மோதுகிறது. காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை வீசும். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் மேற்கு நோக்கி 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால், அவர் கையில் மோதும் காற்றின் வேகம் 110.

காற்றின் வெப்பநிலையோ 23, 24 டிகிரிதான். பிறகு ஏன் குளிர்கிறது? நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி விரலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தத் துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது இன்னும் அதிகமாகச் சூடு போகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். பத்து கிராம் ஆவியாக வேண்டிய வெப்பத்தை கால் லிட்டர் தண்ணீரிலிருந்து எடுத்தால், அந்தத் தண்ணீர் 23 டிகிரி குளிர்ந்துவிடும். மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே வழியில்தான். காற்று வேகமாக வீசினால் ஆவியாதலும் வேகமாகும்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கையுறைக் கடைகளில் யாரும் சொல்லாத விஷயம் இது. ஈரமான ஒரு பொருள் ஆவியாதலால் எவ்வளவு குளிர்ந்தாலும், ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே போகாது. ஜூரோங் மழையில் அது ஏறக்குறைய 23 டிகிரி. விரல்களின் நுண்ணிய வேலைத்திறன் தெளிவாகக் குறைவது, தோலின் வெப்பநிலை சுமார் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது. ஆக, ஜூரோங்கில் உங்கள் கை இறுக்கமாகும், சோர்ந்து போகும், நடுங்கவும் கூடும். ஐரோப்பியக் குளிரில் போல மரத்துப்போகாது.

அப்படியானால் பஞ்சு திணித்த குளிர்காலக் கையுறையை இங்கே வாங்குவது தவறு. தடித்த கையுறைக்குள் விரல் பிரேக் லீவரின் அழுத்தத்தைச் சரியாக உணராது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தடுமாறினால் வண்டி 11 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும், அதுவும் வழுக்கும் சாலையில். இன்னொன்று: லீவரை இழுக்கும் வலுவான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. இறுக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கைவரை மடக்கி நீட்டினால் தசை அசைவது தெரியும். எனவே முன்கை நனையாமல் பார்ப்பதும் விரலைக் காப்பாற்றும் வேலைதான். நல்ல மழைக்கோட்டுக்குச் செலவழிக்காமல் விலையுயர்ந்த கையுறை வாங்குவதில் பொருளில்லை.

இனி ‘நீர்புகாது, ஆனால் சுவாசிக்கும்’ என்ற விளம்பரத்துக்கு வருவோம். அந்தச் சவ்வுகளில் புகழ்பெற்றது, ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான் பொருளால் ஆனது. 1969இல் அமெரிக்காவின் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் கம்பிகளை மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார், அறுந்துகொண்டே இருந்தன. வெறுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தபோது அது அறாமல் பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருந்தன. மழைத்துளி நுழைய முடியாத அளவு சிறிய துளைகள் அவை. ஆனால் ஆவியின் மூலக்கூறு தாராளமாக வெளியேறும். கோர்டெக்ஸ் பிறந்தது அப்படித்தான். மலிவான கையுறைகளில் பாலியூரித்தேன் சவ்வுகள் இருக்கும்.

துளை இருந்தால் மட்டும் வியர்வை வெளியேறிவிடாது. அதைத் தள்ள ஒரு விசை வேண்டும். கையுறைக்குள் 33 டிகிரியில் ஈரம் நிறைந்திருந்தால் நீராவியின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார். வெளியே 5 டிகிரிக் குளிரில் மழை பெய்தால் அங்கே சுமார் 9 மில்லிபார்தான். வித்தியாசம் 41. ஜூரோங்கின் 24 டிகிரி மழையில் வெளியே 30. வித்தியாசம் வெறும் 20. ஐரோப்பாவில் சோதித்துப் பாராட்டப்பட்ட கையுறை இங்கே பாதி வேகத்தில்தான் வியர்வையை வெளியேற்றும். வெளித்தோல் நனைந்து ஊறிவிட்டால் அதுவும் இல்லை. ‘கையுறை ஒழுகுகிறது’ என்று நாம் திட்டும்போது, பல நேரம் அது நம் வியர்வையே.

வெளித்தோல் ஊறுவதற்குக் காரணம் கையுறையின் அமைப்பு. பெரும்பாலானவற்றில் சவ்வு ஒரு தனிப் பையாக, வெளித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே தொங்கும். தண்ணீர் சவ்வோடு நின்றுவிடும், ஆனால் வெளித்தோல் நீரைக் குடித்துக் கனத்துக் குளிரும். சவ்வை வெளித்தோலின் உட்புறத்தோடு ஒட்டியே தைத்தவை விலை கூடியவை. பிடிமானமும் நன்றாக இருக்கும். தொங்கும் வகையை வாங்குவதென்றால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கையை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு மாட்டி, வேகமாக உருவுங்கள். உள்துணி விரலோடு வெளியே வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். மழையில், பெட்ரோல் நிலையத்தில், வெளியே வந்த பத்து விரல் துணியை உள்ளே திணித்துக்கொண்டு நிற்பது கொடுமை. பாதுகாப்புக்கு ஐரோப்பியத் தரக்குறியான ஈஎன் 13594 இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்தில் 1 அல்லது 2 என்ற நிலை இருக்கும், 2 உயர்ந்தது. இடது ஆள்காட்டி விரலில் ரப்பர் விளிம்பு தைத்திருந்தால் ஹெல்மெட் கண்ணாடியை வழிக்கலாம். வலக்கைக்குத்தான் ஆக்சிலரேட்டரும் முன்பிரேக்கும் இருக்கின்றனவே!

உண்மையில் அதிக மழை புகும் வாசல் மணிக்கட்டு. வேகமாகப் போகும்போது காற்று நீரை விரலிலிருந்து முழங்கைப் பக்கம் தள்ளும்; சிக்னலில் நின்றால் அதே நீர் சரிவில் வழிந்து கையுறைக்குள் இறங்கும். நிமிர்ந்து உட்காரும் வண்டிகளில் முன்கை கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், மழைக்கோட்டின் மேல் மாட்டிய நீளக் கையுறை ஒரு புனலாகிவிடும். அடிக்கடி நின்று போகும் ஜூரோங் சாலைகளுக்கு என் தேர்வு: குட்டையான கையுறை, அதன் மேல் மழைக்கோட்டின் கை, அதன் மேல் இறுக்கமான வெல்க்ரோ பட்டை. மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்க வாய்த்தால், கிளம்புமுன் அந்தப் பட்டையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

உணவு விநியோகம் செய்கிற பலர், வேலைத்தளங்களில் தரும் வெள்ளைப் பருத்திக் கையுறையோடு ஓட்டுகிறார்கள். நீரை உறிஞ்சிக் காற்றில் ஆவியாக்கிக் கையைக் குளிர வைக்க அதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. விழுந்தாலும் காக்காது. பணம் இறுக்கம் என்றால், சாதாரணத் தோல் கையுறைக்குள் மெல்லிய நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளலாம். கை வியர்க்கும், ஆனால் அந்த ஈரம் தோலின் சூட்டிலேயே இருக்கும், காற்றில் ஆவியாகாது. ரப்பரை வெளியே போடாதீர்கள், லீவரில் வழுக்கும்.

கேமரன் மலைக்கோ கெந்திங்கிற்கோ ஓட்டிப்போகிறவர்கள் மேலே சொன்ன எல்லையை மறந்துவிட வேண்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடக் காற்று ஆறு டிகிரிக்கு மேல் குளிரும். இரவு மழையில் 15, 16 டிகிரி என்றால் விரல் உண்மையிலேயே மரத்துப்போகக்கூடும். அங்கே மெல்லிய கம்பளி உள்ளுறை தேவை. அதைக் கழற்றக்கூடிய தனி உறையாக வாங்கினால், மற்ற நாள்களில் வீட்டிலேயே இருக்கட்டும்.

நனைந்த தோல் கையுறையை வெயிலிலோ உலர்த்தும் இயந்திரத்திலோ போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி விரல்களுக்குள் திணித்து மின்விசிறியின் கீழே வையுங்கள், ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் ஓர் இரவுக்குள் முழுதாகக் காய்வது அரிது, பூஞ்சணம் பிடிக்கும். விலையுயர்ந்த ஒரு ஜோடியைவிட நடுத்தரமான இரண்டு ஜோடி இருந்தால், மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்குக் காய்ந்தது ஒன்றாவது கையில் இருக்கும்.