வளர்முக நாடுகளிடையே வாணிபம்: கொல்கத்தா தரும் பாடம்

மூலப்பொருள்களை மேலை நாடுகளுக்கு விற்பதும், அவற்றிலிருந்து செய்த பண்டங்களை அந்நாடுகளிடமிருந்தே வாங்குவதும் காலனி ஆட்சிக் காலத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் வாணிப முறையாக இருந்தன. அரசியல் விடுதலைக்குப் பின்னரும் இப்போக்கு எளிதில் மாறவில்லை. தொலைவிலுள்ள ஐரோப்பியத் துறைமுகத்திற்குச் செல்லும் வழி திறந்திருந்தது. அண்டை நாட்டுச் சந்தைக்குச் செல்லும் வழியே அடைபட்டிருந்தது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1964இல் ஜெனீவாவில் 77 நாடுகளின் குழு உருவாயிற்று. இந்தியா, வங்காளதேசம், இலங்கை முதலிய நாடுகள் 1975இல் பாங்காக் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. வளர்முக நாடுகள் தமக்குள் வரிச் சலுகை அளித்துக்கொள்ளும் உலகளாவிய ஏற்பாடு ஒன்று 1988இல் பெல்கிரேடில் உடன்பாடாயிற்று. இம்முயற்சிகள் யாவும் பெரும்பாலும் சுங்கவரிக் குறைப்பையே கருவியாகக் கொண்டன. வரி குறைந்தால் மட்டும் வாணிபம் வளர்ந்து விடுமா? இக்கேள்விக்குக் கொல்கத்தாவின் அனுபவம் தெளிவான விடை தருகிறது.

சணல் கூறும் வரலாறு

ஹூக்ளி நதிக்கரையில் உள்ள ரிஷ்ராவில் 1855இல் முதல் சணல் ஆலை தோன்றியது. பின்னர் ஆற்றின் இரு கரைகளிலும் ஆலைகள் பெருகின. கிழக்கு வங்காளத்தில் விளைந்த சணல் படகிலும் ரயிலிலும் இவ்வாலைகளுக்கு வந்து சேர்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது ஆலைகள் இந்தியாவில் தங்கின. சணல் விளையும் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு எல்லைக்கு அப்பால் சென்றது. 1949 செப்டம்பரில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. மாற்று விகிதம் பற்றிய இப்பிணக்கினால் சணல் வரத்து தடைப்பட்டது.

இதன் விளைவு என்ன? இந்தியா தன் நெல் வயல்கள் பலவற்றில் சணல் பயிரிட்டது. பாகிஸ்தான் நாராயண்கஞ்சு முதலிய இடங்களில் புதிய ஆலைகளை எழுப்பியது. மூலதனம் அருமையாயிருந்த இரு நாடுகள், மற்றவரிடம் ஏற்கனவே இருந்ததைப் பெரும் செலவில் தாமும் படைத்துக்கொண்டன. பின்னர் அதே வெளிநாட்டுச் சந்தைகளில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அதற்கிடையே செயற்கை இழைகள் இருவர் சந்தையையும் கைப்பற்றின. நாராயண்கஞ்சின் பெரிய ஆதம்ஜி ஆலை 2002இல் மூடப்பட்டது. ஹூக்ளிக் கரை ஆலைகளும் நலிவுற்றன. 2017 ஜனவரியில் வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் சணல் பொருள்கள் மீது இந்தியா பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. ஒன்றையொன்று நிறைவு செய்திருக்க வேண்டிய இரு தொழில்கள் இவ்வாறு எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

வழி திறந்தால் விளையும் நன்மை

1965ஆம் ஆண்டுப் போரின்போது கிழக்கு வங்காளத்துடன் இருந்த ரயில், ஆற்றுப் போக்குவரத்துகள் நின்றன. வங்காளதேசம் உருவான பின், 1972இல் வாணிப ஒப்பந்தமும் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து ஏற்பாடும் செய்துகொள்ளப்பட்டன. இந்நீர்வழியின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

கொல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்குச் சிலிகுரி வழியே சாலைத் தொலைவு ஏறத்தாழ 1,600 கிலோ மீட்டர். வங்காளதேசத்தின் ஊடாகச் சென்றால் சுமார் 500 கிலோ மீட்டரே. திரிபுராவின் பாலாடானாவில் 726 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின்நிலையம் அமைத்தபோது, அதன் கனரக இயந்திரங்களை மலைப்பாதைகளில் ஏற்றிச் செல்ல இயலவில்லை. வங்காளதேசம் தன் ஆறுகளையும் ஆசுகஞ்சு துறையையும் சாலைகளையும் திறந்துவிட்டது. அதற்குக் கைம்மாறாக 2016 முதல் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் மின்சாரம் வங்காளதேசத்திற்குச் செல்லத் தொடங்கியது. வழி கொடுத்த நாடு மின்சாரம் பெற்றது. வழி பெற்ற நாடு மின்நிலையம் பெற்றது. வளர்முக நாடுகளின் ஒத்துழைப்பு என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டியதில்லை.

மேற்கு வங்காளத்தின் பஹரம்பூரிலிருந்து வங்காளதேசத்தின் பேராமாராவுக்கு 2013இல் மின்தொடர் இணைப்பு ஏற்பட்டது. மூன்று நாடுகள் 2024இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்திய மின்தொடர் வழியே வங்காளதேசத்தை அடைந்தது.

நேபாளத்திற்குக் கடற்கரை இல்லை. அதன் கடல்வழி வாணிபம் நெடுங்காலமாகக் கொல்கத்தாவையே நம்பி வந்துள்ளது. 1989 மார்ச்சில் இந்திய-நேபாள வாணிப, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியாகி, இரு எல்லை வாயில்கள் மட்டுமே திறந்திருந்தபோது அந்நாட்டு மக்கள் எரிபொருளுக்கும் இன்றியமையாப் பண்டங்களுக்கும் பட்ட இடர் பெரிது. 1991இல் புதிய ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. நிலத்தால் சூழப்பட்ட நாட்டிற்குப் போக்குவரத்து உரிமை வாழ்வாதாரமே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

எல்லையில் ஒரு மறைமுக வரி

இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையிலான நிலவழி வாணிபத்தில் பெரும்பகுதி, கொல்கத்தாவிலிருந்து சுமார் 80 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள பெட்ராபோல் வாயிலைக் கடக்கிறது. இந்திய லாரி மறுபுறமுள்ள பேனாபோலில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கிருந்து வங்காளதேச லாரி டாக்காவுக்கு ஏற்றிச் செல்லும். வரிசையில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை, ஓட்டுநர் படி, முடங்கிய பணத்தின் வட்டி ஆகியவை சரக்கின் விலையில் ஏறுகின்றன. சுங்கவரிப் பட்டியலில் எங்கும் காணப்படாத வரி இது. ஒரு நாட்டின் தரச் சான்றிதழை மற்ற நாடு ஏற்காமல் மீண்டும் சோதனை செய்வதும் இவ்வகைச் சுமையே. பெட்ராபோலில் 2016இல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது இச்சுமையைக் குறைப்பதற்கே.

ஏற்றத்தாழ்வும் முதலீடும்

2021-22இல் இந்தியா வங்காளதேசத்திற்கு ஏறத்தாழ 1,600 கோடி டாலர் மதிப்புள்ள பண்டங்களை விற்றது. அங்கிருந்து வாங்கியது சுமார் 200 கோடி டாலர் அளவே. எட்டு பங்கு விற்று ஒரு பங்கு வாங்கும் உறவு நெடுநாள் நிலைப்பது அரிது. 2011இல் சில பண்டங்கள் நீங்கலாக ஏனைய அனைத்திற்கும் இந்தியா வரி விலக்கு அளித்தது. ஆயினும் விற்பதற்குப் போதிய பண்டங்கள் இல்லாத நாட்டிற்கு வரி விலக்கு மட்டும் துணை செய்யாது. விற்கத்தக்க பொருளை அந்நாட்டிலேயே உண்டாக்கும் முதலீடும் தேவை. வங்காளதேசத்தினர் இந்தியாவில் முதலீடு செய்வதற்கு இருந்த தடை 2007இல் நீங்கியது. முதலீடும் இருவழிப் பாதையாதல் வேண்டும்.

கொள்கையில் நிலைப்புத்தன்மை

பல ஆண்டு உழைப்பில் உருவான வழிகள் சில வாரங்களில் சுருங்கக்கூடும் என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. வங்காளதேசச் சரக்குகள் இந்திய நிலவழியாகப் பிற நாடுகளுக்குச் செல்ல 2020இல் அளித்த வசதியை, துறைமுக, விமான நிலைய நெரிசலைக் காரணம் காட்டி இந்தியா ஏப்ரலில் விலக்கிக்கொண்டது. தன் நூற்பாலைகளைக் காப்பதற்கென்று வங்காளதேசம் அதே மாதத்தில் நிலவழி நூல் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதத்தில் வங்காளதேச ஆயத்த ஆடைகள் கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியே மட்டும் இந்தியாவுக்குள் வரலாம் என்று இந்தியா வரையறுத்தது. ஒவ்வொரு அரசுக்கும் தன் காரணம் உண்டு. ஆனால் இத்தகைய முடிவுகளின் சுமை முதலில் விழுவது பெட்ராபோலின் சுமை தூக்குவோர் மீதும், லாரி ஓட்டுநர்கள் மீதும், சிறு ஏற்றுமதியாளர் மீதுமே. நூலை விற்கும் தமிழ்நாட்டு ஆலையும், அதை வாங்கித் துணி பின்னும் டாக்கா ஆலையும் இப்பிணைப்பின் இரு முனைகளாகும்.

கொல்கத்தாவின் அனுபவம் உணர்த்தும் முடிவுகள் மூன்று. வரிச் சலுகையோடு வழியும் வாயிலும் சீர்பட வேண்டும். பெரிய நாடு விற்பதோடு நில்லாமல் வாங்கவும் முதலீடு செய்யவும் வேண்டும். விதிகளை மாற்ற நேர்ந்தால் முன்னறிவிப்பும் கலந்தாலோசனையும் தேவை. ஏற்கனவே வழியில் உள்ள சரக்கிற்கு விலக்கும் அளிக்கப்பட வேண்டும். இவை கைகூடினால், சணலில் நாம் இழந்ததை நூலிலும் மின்சாரத்திலும் இழக்காமல் காத்துக்கொள்ள இயலும்.