பிடில் படிக்கும் பெண்ணுக்கு எந்த லாப்டாப்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் காலை மின்சார ரயிலில் ஒரு தகப்பனாரையும் மகளையும் சந்தித்தேன். தகப்பனார் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவர். இரவு ஷிப்டை முடித்துவிட்டு, கண்ணைக்கூட மூடாமல் கிளம்பி வந்திருந்தார். மகளுக்குச் சென்னை அரசு இசைக் கல்லூரியில் பிடில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பிடில் பெட்டி அவள் மடியில் இருந்தது.

“பாப்பாவுக்கு லாப்டாப் வாங்கப் போறோம், சார்” என்றார். “சீட்டுப் பணம் அறுபதாயிரம் இருக்கு. தள்ளி எடுத்த சீட்டு. எங்க ஊர்க் கடைக்காரர், கலர் விளக்கு எரியுற ‘கேமிங்’ லாப்டாப்தான் உழைக்கும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன், ஆப்பிள் இல்லாமல் சங்கீதத்துக்கு ஒண்ணும் ஆகாது என்கிறான். தப்பாய் வாங்கிட்டால் இன்னொண்ணு வாங்க என்னால் முடியாது, சார்!”

நியாயமான கவலைதான். திருவள்ளூர் மாவட்டத்தில் இவரைப் போன்ற தகப்பனார்கள் எத்தனையோ பேர். ஆகவே, அவருக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

வேலை என்ன?

கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், பிள்ளையிடம் வேலையைக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணைக் கேட்டேன். தன் சாதகத்தைப் பதிவு செய்து கேட்க வேண்டும். பதிவு செய்த மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்துப் பழக வேண்டும். கச்சேரி வீடியோவை வெட்டி ஒட்ட வேண்டும். பாடங்களை ஸ்வரப்படுத்தி எழுதி வைக்க வேண்டும். இவ்வளவுதான்!

இதில் எங்கே இருக்கிறது விளையாட்டு? கேமிங் லாப்டாப்பின் விலையில் பெரும்பங்கு படம் காட்டும் சில்லுக்குப் போகிறது. பிடிலுக்கு அதனால் பயன் இல்லை. எடையோ இரண்டு கிலோவுக்கு மேல். சார்ஜரே ஒரு செங்கல் மாதிரி! இந்தப் பெண் தினமும் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் வந்து, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி, கிரீன்வேஸ் சாலையில் இறங்க வேண்டும். ஒரு கையில் பிடில். முதுகில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏற்றுவது பாவம்.

எத்தனை ஜி.பி.?

நல்ல தரத்தில் ஒரு மணி நேரச் சாதகத்தைப் பதிவு செய்தால் சுமார் 1 ஜி.பி. பிடிக்கும். அரை மணி வீடியோவுக்கு 3 ஜி.பி. வரை போகும். மூன்று வருஷப் படிப்புக்கு 256 ஜி.பி. போதாது, 512 வேண்டும். அது பழைய சுழலும் ‘ஹார்டு டிஸ்க்’ ஆக இல்லாமல் ‘எஸ்.எஸ்.டி.’யாக இருக்க வேண்டும். இதில் சுழலும் பாகம் கிடையாது. ரயில் குலுக்கலையும் தாங்கும்.

‘ராம்’ என்னும் நினைவகம் 16 ஜி.பி. இருப்பது நல்லது. பணம் இடிக்கிறது என்றால் 8 வாங்கலாம். ஆனால் பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். சில லாப்டாப்களில் ராமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்டவே முடியாது.

தாளம் தப்பும் தாமதம்

கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, அந்த அளவுகளை மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது. மூட்டைக்கு 1,024 அளவு என்றால் விநாடியில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் தாமதம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்குப்படி, மிருதங்கக்காரர் 26 அடி தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம்! மூட்டையை 256 ஆகக் குறைத்தால் அவர் பக்கத்தில் வந்துவிடுவார். விண்டோஸ் லாப்டாப்பில் இதற்கு ‘ஏ.எஸ்.ஐ.ஓ.’ என்ற ஏற்பாடு உண்டு. மைக்கை இணைக்கும் சிறிய ‘ஆடியோ இன்டர்பேஸ்’ பெட்டிகளோடு பெரும்பாலும் அது கிடைக்கும்.

கம்பியில்லாத ‘புளூடூத்’ ஹெட்போனை மட்டும் இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் சர்வ சாதாரணம். மிருதங்கக்காரர் 200 அடிக்கு அப்பால், தெருக்கோடிக்கே போய்விட்டார் என்று அர்த்தம். கம்பி வைத்த ஹெட்போனே உத்தமம்.

இரைச்சல்

லாப்டாப்புக்குள் ஒரு விசிறி ஓடுகிறது. சூடு ஏறினால் அது கத்தும். மைக் அதையும் சேர்த்துப் பதிவு செய்யும். ஆகவே, கடையில் ஒரு வீடியோவைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, காதை அருகே வைத்துக் கேளுங்கள். தம்புராவுக்குப் போட்டியாக ரீங்காரம் வந்தால் வேறு காட்டச் சொல்லுங்கள்.

வீட்டு மின்சாரத்தில் ‘எர்த்’ சரியாக இல்லாவிட்டால், சார்ஜர் போட்டிருக்கும்போது பதிவில் ‘உம்’ என்று ஒரு சத்தம் வரலாம். பதிவு செய்யும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். தொழிற்பேட்டைப் பக்கம் தூசி அதிகம்; விசிறித் துளைகளை அவ்வப்போது சுத்தம் செய்வதும் அவசியம்.

ஆப்பிள்தானா?

ஆப்பிள் நல்ல யந்திரம்தான், சந்தேகமில்லை. நாடக மேடையில் ஒலி, ஒளி இயக்கப் பயன்படும் ‘கியூலேப்’, இசையமைப்பாளர்களின் ‘லாஜிக் புரோ’ போன்றவை ஆப்பிள் யந்திரங்களில் மட்டுமே ஓடும். அந்தத் தொழிலுக்குப் போகிறவர் ஆப்பிளை யோசிக்கலாம். சாதகத்துக்கு, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ போதும். வீடியோ வெட்ட ‘கேடென்லைவ்’ இருக்கிறது. அதற்கும் காசு இல்லை.

பழசு வாங்கலாமா?

சென்ட்ரலுக்குச் சற்றுத் தொலைவில் ரிச்சி தெருவில் பழைய லாப்டாப்கள் குவிந்து கிடக்கின்றன. வாங்கலாம், ஆனால் ஜாக்கிரதை! விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்டெல் சில்லு என்றால், 8-வது தலைமுறைக்கு முந்திய பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11-இல் இடம் இல்லை. தலைமுறையைக் கேட்காமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். பேட்டரி எத்தனை நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஹெட்போன் துளை வேலை செய்கிறதா என்று செருகிப் பாருங்கள். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

இலவசமாக வந்தால்?

அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். திருவள்ளூரை அடுத்த காக்களூரில், 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று அந்த விழா நடந்தது. பிறகு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லாப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். வாங்குமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். கிடைக்கும் என்றால் சீட்டுப் பணத்தில் நல்ல மைக்கும் ஹெட்போனும் வாங்கலாம். மட்டமான மைக்கில் பிடித்த நாதத்தை எத்தனை விலை உயர்ந்த லாப்டாப்பாலும் திருத்த முடியாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த தகப்பனார், பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் மெல்லச் சொன்னார்:

“இவ வாசிச்சு நான் உட்கார்ந்து கேட்டு ரொம்ப நாளாச்சு, சார். நான் வீட்டுக்கு வரும்போது இவ ரயிலில் இருப்பா. இவ வரும்போது நான் மில்லுக்குக் கிளம்பிடுவேன். பதிவு பண்ணி வைச்சால் நானும் கேட்கலாம், இல்லையா?”

“அதுக்குத்தான்பா!” என்றாள் மகள்.

அந்தப் பெண் சொன்ன வேலைகளின் பட்டியலில் இது இல்லை. ஆனால் லாப்டாப்புக்கு இதைவிடப் பெரிய வேலை எது? சென்ட்ரலில் இறங்கியதும் இருவரும் முதலில் கல்லூரி அலுவலகத்துக்குப் போகத் தீர்மானித்தார்கள். கடை அதற்குப் பிறகுதான். பணம் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.