பேரன் போட்டோவும் பாட்டி மேல் ஒரு வழக்கும்

2020 மே மாதம் நெதர்லாந்தில் ஒரு பாட்டிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டது வேறு யாருமில்லை, பெற்ற மகள்! பேரப்பிள்ளைகளின் போட்டோக்களைப் பாட்டி ஃபேஸ்புக்கிலும் பின்ட்ரெஸ்டிலும் போட்டிருந்தார். எடுத்துடுங்கன்னு மகள் பலமுறை சொல்லியும் எடுக்கவில்லை. கெல்டர்லாந்து மாவட்ட நீதிமன்றம் போட்டோக்களை நீக்க உத்தரவிட்டது. மீறினால் நாளுக்கு 50 யூரோ, அதிகபட்சம் 1000 யூரோ கட்ட வேண்டும்.

படித்தவுடனே சிரிப்பு வரும். பாட்டி பேரன் போட்டோ போடறது ஒரு வழக்கா? அதிலும் அந்தப் பேரன்களில் ஒருவன் சில வருடம் பாட்டி வீட்டிலேயே வளர்ந்தவன். ஆகவே பாட்டிக்குப் பாசம் இருந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை.

கேள்வி வேறு. ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் இருக்கிற தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதில் தலையிடுவதில்லை. ஆல்பத்தில் ஒட்டலாம், ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டலாம். ஆனால் சமூக வலைத்தளத்தில் போட்டது ஊர் பேர் தெரியாத மூன்றாம் மனிதர் கைக்குப் போகாது என்று எப்படிச் சொல்ல முடியும்? நீதிமன்றம் பிடித்தது அந்த இடத்தைத்தான். ஹால் சுவரும் ஃபேஸ்புக் ‘சுவரும்’ ஒன்றல்ல!

அப்படி மூன்றாம் மனிதர் கைக்குப் போனால் என்னதான் ஆகும்? கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். 2000-களின் நடுவில் அமெரிக்காவில் ‘ஃப்ளிக்கர்’ என்ற தளம் பிரபலம். பிறந்தநாள், பள்ளி விழா, கடற்கரை என்று பெற்றோர்கள் குழந்தைகளின் போட்டோக்களை அதில் ஏற்றினார்கள். அப்போது அதன் உரிமையாளர் யாஹூ. 2014-ல் யாஹூ, ஆராய்ச்சிக்காக என்று சுமார் 10 கோடி ஃப்ளிக்கர் படங்கள், வீடியோக்கள் அடங்கிய ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதிலிருந்து முகங்களைப் பிரித்தெடுத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ‘மெகாஃபேஸ்’ என்ற தரவுத்தொகுப்பைச் செய்தார்கள். 40 லட்சத்துக்கும் மேல் படங்கள், ஏறத்தாழ 6,72,000 ஆட்கள். எதற்கு? முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் சாஃப்ட்வேருக்குப் பயிற்சி கொடுக்க, பரீட்சை வைக்க! கம்பெனிகளும் ஆய்வுக்கூடங்களும் டவுன்லோட் செய்துகொண்டன. 2019-ல் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியபோதுதான் பல பெற்றோருக்கு விஷயமே தெரிந்தது. 2020-ல் பல்கலைக்கழகம் விநியோகத்தை நிறுத்திவிட்டது. ஆனால் டவுன்லோட் ஆனது ஆனதுதானே? போட்டோவை ஏற்றிய அம்மா 2005-ல் இதைக் கனவிலாவது நினைத்திருப்பாரா, பாவம்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2024-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, படம் வரையும் ஏ.ஐ. கருவிகளுக்குப் பயிற்சி தரப் பயன்பட்ட ‘லயான்-5பி’ என்ற தொகுப்பில் பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் குடும்பப் படங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தது. சில படங்களோடு குழந்தையின் பெயரும் இடமும் சேர்ந்தே கிடைத்தன.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதன்பிறகு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். இந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அதாவது நம்ம முதலாம் ஆண்டு முழுக்க ‘குழந்தைகள்’தான், மீசை வந்திருந்தாலும்! குழந்தையின் தகவலைக் கையாள ஒரு கம்பெனி பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும். குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் போட்டோ போடுவதே பெற்றோர் என்றால்? தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் செய்வது இந்தச் சட்டத்துக்குள் வராது. நெதர்லாந்தில் பாட்டியைப் பிடித்த அதே வாசல்தான். இங்கே நீதிமன்றங்கள் அதை எவ்வளவு அகலமாகத் திறக்குமோ, இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், தகவலுக்குரியவர் குழந்தையாக இருந்தால் அந்தச் சொல்லிலேயே பெற்றோரும் அடக்கம் என்கிறது சட்டம். அப்படியானால் ‘நீக்கு’ என்று கேட்கும் உரிமை யார் கையில்? போட்டவர் கையிலேயே! சாவியும் அவரிடம், பூட்டும் அவரிடம்.

பிரான்சில் இதை யோசித்திருக்கிறார்கள். வீடியோவில் நடிக்கும் 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக 2020-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வருமானத்தில் ஒரு பகுதி குழந்தை பெயரில் வைப்பாகப் போக வேண்டும். தன் வீடியோவை நீக்கச் சொல்லிக் குழந்தையே நேரடியாகக் கேட்கலாம், அப்பா அம்மா கையெழுத்து தேவையில்லை. 2024 பிப்ரவரியில் இன்னொரு சட்டம்: குழந்தையின் உருவப்படத்தின் மீதான உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப குழந்தையையும் கலந்துகொள்ள வேண்டும், தகராறு வந்தால், மற்றவர் சம்மதமில்லாமல் போடக்கூடாது என்று நீதிபதி தடுக்கலாம். என்னைக் கேட்டால் அந்த ‘குழந்தையையும் கலந்துகொள்’ என்ற வரி ஒன்றையாவது நாம் கடன் வாங்கலாம்.

நம்மில் பலருக்கு அக்கா குழந்தை, அண்ணன் குழந்தை இருக்கும். ஸ்டேட்டஸில் போடும் கை பெரும்பாலும் நம்ம கைதான். ஒரு டெக்னிக்கல் விஷயம்: செல்போன் கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ‘எக்ஸிஃப்’ குறிப்பாகப் போட்டோ ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். ஆனால் இதை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஸ்கூல் பேட்ஜ், பின்னால் வேன் நம்பர், கேக்கின் மேல் பெயரும் வயதும்... இவற்றைப் படிக்க எந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை.

மூன்று நான்கு வயது ஆன குழந்தையிடம் “இதைப் போடட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். சிலது குஷியாகத் தலையாட்டும். சிலது “வேணாம் மாமா, நான் அழுவுறேன் அதுல” என்று சொல்லும். அந்தப் படத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.