வாசல் இல்லாதவனுக்கும் ஒரு பிளக் பாயிண்ட்

எலக்ட்ரிக் வண்டி வாங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம் என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் சார்ஜ் எங்கே போடுவது? கார் ஷெட் வைத்த வீட்டுக்காரருக்கு இந்தக் கேள்வியே வராது. தெருவில் வண்டி நிறுத்துகிறவனுக்குத்தான் வரும்.

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற என் அண்ணன் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க ஆசைப்பட்டான். "ஜன்னல் வழியா ஒயர் இழுக்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இன்னும் பெட்ரோல் வண்டிதான் ஓட்டுகிறான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் என்பதால், "நீதான் எலக்ட்ரிகல் படிக்கிறியே, வழி சொல்லுடா" என்று என்னைக் கேட்டான். யோசித்துப் பார்த்தேன்.

பேட்டரிக்கு வேண்டியது டி.சி.; லைனில் வருவது ஏ.சி. இடையில் ரெக்டிஃபயர் வேண்டும். அது வண்டியோடு வருகிற சார்ஜரில் இருந்தால் ஸ்லோ சார்ஜிங். எர்த் உள்ள சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட் போதும். பெரிய ரெக்டிஃபயர் ஸ்டேஷனில் இருந்து, நேராக டி.சி. கொடுத்தால் ஃபாஸ்ட் சார்ஜிங். அதற்கு திரீ பேஸ் லைன் வேண்டும், செலவும் அதிகம்.

கணக்குப் போடுவோமா? 3 யூனிட் பேட்டரியை 750 வாட் சார்ஜரில் போட்டால், நஷ்டத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். வண்டியோ ராத்திரி எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது! ஒரு 50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் இழுக்கிற லோடில், ஒரே நேரத்தில் அறுபது ஸ்கூட்டருக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். ஹைவேக்கு ஃபாஸ்ட் சார்ஜர் அவசியம். ஊருக்குள்ளே வண்டி தூங்குகிற இடத்தில் சாக்கெட்தான் அவசியம்.

வெளிநாட்டிலும் இதே பிரச்சினை உண்டு. லண்டனில் ஷெட் இல்லாமல் தெருவில் கார் நிறுத்துகிறவர்கள் ஏராளம். அதனால் தெருவிளக்குக் கம்பத்திலேயே சாக்கெட் வைத்தார்கள். 2020-ல் சதர்லேண்ட் அவென்யூ என்ற தெருவில் மட்டும் 24 கம்பங்கள் இப்படி மாறின.

நம்ம ஊரில் அப்படியே காப்பி அடிக்க முடியாது. மழைத் தண்ணீர் நிற்கிற தெருவில் சரியான எர்த்திங்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத சாக்கெட் உயிரை வாங்கிவிடும். ஆனால் கடை வாசல், மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டு என்று எத்தனையோ இடம் இருக்கே! சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, சேவைதான். லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவாக்கிவிட்டது.

நண்பர்களே, அந்தச் சாக்கெட்டுக்கு ஒயரிங் பண்ணப் போவது யார்? டிப்ளமோ படிக்கிற நாம்தானே! நம் கையால் வைக்கிற பாயிண்ட், லைன் வீட்டுக்காரனுக்கும் எட்டட்டும்.