கருவி காட்டும் எண்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, நிதானமாகக் கேளுங்கள். கண்ணாடியை விடுவதற்காக லாசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்ட பலர், "கண் அழுத்தமும் இறங்கிவிட்டது" என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சந்தோஷப்படுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே அழுத்தம் பழையபடியேதான் இருக்கும். கருவி காட்டும் எண்தான் இறங்கியிருக்கும்.

அழுத்தத்தை அளக்கும் கோல்ட்மேன் கருவி என்ன செய்கிறது? கருவிழியின் மேல் சின்ன முனையை வைத்து, 3.06 மில்லிமீட்டர் வட்டம் தட்டையாவதற்கு எவ்வளவு அழுத்தவேண்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சுமார் 520 மைக்ரான் தடிமனை வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரே அளவு காற்றடித்த இரண்டு சைக்கிள் ட்யூபில், ரப்பர் மெல்லியதாக இருப்பது விரலுக்குச் சீக்கிரம் அமுங்கும் அல்லவா? லேசர் ஒரு பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை சீவுகிறது. மைனஸ் 6 என்றால் 80 மைக்ரான் போய்விடும். அதனால் உள்ளே அழுத்தம் 23 (மி.மீ. பாதரசம்) இருப்பவருக்குக் கருவி 19 என்று காட்டலாம். 21 வரை இயல்பு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது. அதில் போன பார்வை திரும்புவதும் இல்லை. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். லேசருக்கு வருகிறவர்களில் பலர் அவர்கள்தான் என்பதே என் கவலை.

ஆபரேஷனுக்குப் பின் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். அப்போது, லாசிக்கில் கருவிழியின் மேற்பரப்பில் வெட்டித் தூக்கி மூடிய மடலுக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டால், நடுவில் வைத்து அளக்கும் எண் இன்னும் குறைவாகவே வரும்.

இனி கருவிழியின் வலிமைக்கு வருவோம். லாசிக்கில் 100, 120 மைக்ரானுக்கு ஒரு மடலைத் தூக்கி, லேசர் செய்து, திரும்ப மூடுகிறார்கள். மடல் ஒட்டிக்கொள்ளும்; பழைய பலம் வராது. பாரம் தாங்குவது அடியில் மிஞ்சும் பகுதி. அது 250 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. 300 இருந்தால் நல்லது என்பார்கள். 480 மைக்ரான் கருவிழியும் மைனஸ் 8 பவரும் உள்ளவருக்குச் சுமார் 260-தான் மிஞ்சும். நான் அவரைக் கண்ணாடியே போட்டுக்கொள்ளச் சொல்வேன். லாசிக்குக்குப் பிறகு மெலிந்த கருவிழி மெல்ல முன்னே பிதுங்குவதை 1998-லேயே கண் மருத்துவர் தியோ சைலர் எழுதிவைத்தார். ரிபோஃப்ளேவினும் புற ஊதாக் கதிரும் கொண்டு அதை நிறுத்த முயலலாம், பழைய வடிவத்தை முழுதாக மீட்க முடியாது. அந்தப் பிதுக்கத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க, கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

லேசருக்கு முந்தைய தடிமன், பவர், அழுத்தம் மூன்றும் உள்ள தாளைப் பத்திரப்படுத்துங்கள். பல வருடம் கழித்துப் போகும் புது டாக்டரிடமும் லேசர் செய்ததைச் சொல்லுங்கள். பெற்றோரில் யாருக்காவது கண் நீர் அழுத்த நோய் இருந்தால், பார்வை நரம்பின் ஓசிடி ஸ்கேனும் பார்வைப் பரப்புச் சோதனையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் முனையை வைத்து அமுக்கிப் பார்க்கும் சோதனைகள் அல்ல.