தங்க முலாம் பூசிய பிரெஞ்சு வெண்கல மெழுகுவர்த்தித் தாங்கிகள்

பிரெஞ்சு வெண்கல மெழுகுவர்த்தித் தாங்கி என்பது வெண்கலத்தில் வார்த்து, தங்க முலாம் பூசி, பல கிளைகளுடன் செய்யப்பட்ட அலங்கார விளக்குப் பொருளாகும். 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிசு நகரப் பட்டறைகள் இக்கலையில் சிறந்து விளங்கின. மின்விளக்கு இல்லாத அக்காலத்தில், மெழுகுவர்த்திச் சுடரின் ஒளி தங்கப் பரப்பில் பட்டுத் தெறித்து மாளிகைக் கூடங்களுக்குப் பொலிவூட்டியது. இவ்வகை வேலைப்பாடு ஆங்கிலத்தில் 'ஓர்மொலு' எனப்படுகிறது. 'அரைத்த பொன்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொற்களிலிருந்து இப்பெயர் வந்தது.

பாணிகள்

பதினைந்தாம் லூயி மன்னர் காலத்து ரொக்கோக்கோ பாணியில் கிளைகள் கொடிபோல வளைந்து நெளிந்திருக்கும். சிப்பி, இலை, மலர் வடிவங்கள் மிகுதி. இடப்புறமும் வலப்புறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. பதினாறாம் லூயி காலத்தில் பண்டைய கிரேக்க, உரோமைக் கலையைத் தழுவிய சமச்சீர் வடிவங்கள் விரும்பப்பட்டன. பளபளப்பில்லாத முலாம் பூச்சுக்குப் புகழ்பெற்ற பியேர் கூத்தியேர் (1732–1813) இக்காலக் கலைஞர். நெப்போலியன் காலத்து எம்பயர் பாணியில், சிறகுடைய வெற்றித் தேவதைகள் கைகளில் விளக்குக் கிளைகளை ஏந்தி நிற்பதைக் காணலாம். பியேர்-பிலிப் தோமீர் (1751–1843) இப்பாணியில் பெயர் பெற்றவர்.

செய்முறை

உறுப்புகள் தனித்தனியாக வார்க்கப்பட்டு, உளியால் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டன. பின்னர் தங்கமும் பாதரசமும் கலந்த களிம்பைப் பூசி நெருப்பில் காய்ச்சினர். பாதரசம் ஆவியாகிவிட, தங்கம் வெண்கலத்தின்மேல் உறுதியாகப் படிந்தது. பளபளக்க வேண்டிய இடங்களை அகேட் என்னும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர்.

தொழிலாளர் பாதிப்பு

இந்த அழகின் பின்னே பெருந்துன்பம் இருந்தது. பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள் கைநடுக்கம், ஈறுநோய், நரம்புத் தளர்ச்சி ஆகியவற்றுக்கு ஆளாகினர். அவர்களின் நிலையை நேரில் அறிந்த வெண்கலக் கலைஞர் அந்துவான்-அந்திரே ராவ்ரியோ (1759–1814), இத்தொழிலைத் தீங்கற்றதாக்கும் வழியைக் கண்டறிபவருக்கு 3,000 பிராங்கு பரிசு வழங்குமாறு உயில் எழுதி வைத்தார். அப்பரிசை வேதியியலாளர் தார்சே பெற்றார். நச்சு ஆவியைத் தொழிலாளரின் முகத்தில் படாமல் புகைபோக்கி வழியே மேலே இழுத்துச் செல்லும் உலையை அவர் வடிவமைத்தார். இதனை விளக்கும் அவரது நூல் 1818-இல் வெளிவந்தது.

1840-களில் மின்முலாம் பூசும் முறை வணிக அளவில் பரவத் தொடங்கியது. பாதரசமின்றியே தங்க முலாம் பூச இம்முறை வழிசெய்தது. எனினும் பழைய முறை உடனடியாக மறைந்துவிடவில்லை.