வரிக் கணக்கு – 11: ஜெயித்தவருக்கே சலுகையா?

போலந்தில் சொந்தத் தொழிலாகப் பதிவு செய்துகொண்டு நிரல் எழுதி விற்பவர், அந்த நிரலின் பதிப்புரிமை மூலம் வரும் லாபத்துக்கு 5 சதவீதம் வருமான வரி கட்டினால் போதும். அதே ஊரில் ஒரே விகித வரியைத் தேர்ந்தெடுத்த மற்ற தொழில்காரர் கட்டுவது 19 சதவீதம். 2019 ஜனவரியில் வந்த இந்த 'ஐபி பாக்ஸ்' சலுகை புதுமையை வளர்க்கும் என்றது அரசு. ஆனால், இது வளர்ப்பது புதுமையை அல்ல; ஏற்கெனவே வந்துவிட்ட லாபத்தைத்தான். ஒரே நிறுவனத்துக்கு மாதாமாதம் நிரலின் உரிமையை எழுதிக்கொடுத்துப் பில் போடுபவரைப் பாருங்கள். அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்பவர் 12, 32 என்ற அடுக்குகளில் வரி கட்டுகிறார். அவருக்கும் படைப்பாளர் கழிவு உண்டு. ஆனாலும் மேல் அடுக்குக்குப் போய்விட்டால் 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் வர முடியாது. மாறியிருப்பது ஒப்பந்தத்தின் தலைப்பு மட்டுமே.

ஏமாற்று வேலைக்குக் கடிவாளம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2015-இல் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி வகுத்த விதிப்படி, சொந்தமாக ஆராய்ந்து உருவாக்கிய அளவுக்கே சலுகை. சொந்த உழைப்புக்கு 100 ஸ்லோட்டி, வெளியே விலைக்கு வாங்கிய நிரலுக்கு 100 என்று வையுங்கள். சொந்தச் செலவை 1.3 ஆல் பெருக்கி, மொத்தச் செலவான 200 ஆல் வகுத்தால் 0.65. லாபத்தில் 65 சதவீதத்துக்கு மட்டும் 5. மீதிக்கு வழக்கமான வரி. ஒழுங்கான கணக்குதான். ஆனால் வேலை எங்கே, யாரால் நடந்தது என்றுதான் அது பார்க்கிறது. சலுகை இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா என்று கேட்பதில்லை. கணினி விளையாட்டில் இன்னொரு சிக்கல். விற்ற பணத்தில் நிரலுக்கு எவ்வளவு, ஓவியத்துக்கும் இசைக்கும் எவ்வளவு? வர்த்தகக் குறியின் வருமானத்துக்குச் சலுகையை ஓஇசிடி விதி அனுமதிப்பதில்லை. ஆனால் பெயர் பெற்ற விளையாட்டு விற்பதே அந்தப் பெயரால்தான்.

சலுகை இல்லையென்றால் திறமைசாலிகள் சைப்ரஸுக்கும் நெதர்லாந்துக்கும் போய்விடுவார்களே என்பது வலுவான ஆட்சேபம். ஓரளவு உண்மையும்கூட. அப்படியானால் அது ஆளைத் தக்கவைக்கும் தள்ளுபடி. அப்படியே சொல்லிவிட்டுச் செய்யலாம். விளையாட்டு உருவாக்குபவரின் கஷ்டம் வேறு. முதல் பிரதி விற்கும் முன்பே பல ஆண்டுச் சம்பளம் போய்விடுகிறது. பெரும்பாலும் அந்த ஆண்டுகளெல்லாம் நஷ்டம்தான். பூஜ்ய லாபத்துக்கு 5 சதவீதமும் ஒன்றுதான், 19 சதவீதமும் ஒன்றுதான். பிரிட்டன் 2024 முதல் வேறு வழியில் போகிறது. தகுதியான முக்கியச் செலவில் 80 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு, அதில் 34 சதவீதத்தை வரவாகத் தருகிறது. அந்த வரவுக்கும் வரி உண்டு. அது போக, 100 பவுண்டுக்குக் கையில் நிற்பது 20.40 பவுண்டு. நஷ்டத்தில் இருந்தாலும் கிடைக்கும். தோற்கும் விளையாட்டுக்கும் மக்கள் பணமா என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அந்தப் பணம் கலைஞரின் சம்பளமாக முன்பே உள்ளூரில் இறங்கியிருக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு வேறு வழியும் எளிதல்ல: இன்னும் முடியாத விளையாட்டை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தியாவில் 2016-இன் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 115பிபிஎஃப் பிரிவைக் கொண்டுவந்தது. இங்கே உருவாக்கிப் பதிவு செய்த காப்புரிமையின் ராயல்டிக்கு 10 சதவீத வரி. வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(கே). ஆகவே நிரலின் பதிப்புரிமை வருமானம் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறது. இதை நிரலுக்கும் நீட்டிக்கச் சொல்லும் நம் விளையாட்டு நிறுவனங்கள், கேட்பதானால் செலவுப் பக்கத்தில் கேட்கட்டும்.